டீசல் இன்ஜினுக்கு ரெண்டு டர்போ வைக்கணுமா? வாங்குறதுக்கு முன்னாடி போடவேண்டிய கணக்கு, முழுமையான வழிகாட்டி

நாகர்கோவில்ல டீசல் பட்டறை வச்சிருக்கேன். டர்போன்னா, எக்ஸாஸ்ட் புகை ஒரு பக்கம் டர்பைன் வீலை சுத்த, அதே ஷாஃப்ட்ல மறுபக்கம் இருக்கிற கம்ப்ரஸர் வீல் காத்தை அமுக்கி இன்ஜினுக்குள்ள தள்ளுற சாமான். ரெண்டு டர்போ போடணும்னு கேட்டு வர்றவங்க ரெண்டு வகை. ஒண்ணு குளச்சல், தேங்காப்பட்டணம், சின்னமுட்டம் பக்கத்து படகு ஓனருங்க, இன்னொண்ணு பழைய லாரி இன்ஜின் ஒண்ணை வாங்கி வச்சுக்கிட்டு அதுல 500, 600 ஹெச்பி எடுக்கணும்னு துடிக்கிற பசங்க. ரெண்டு பேரும் வந்தவுடனே கேக்குற கேள்வி ஒண்ணுதான், "அண்ணே எந்த டர்போ வாங்கலாம்?" நான் சொல்ற பதிலும் ஒண்ணுதான் மக்கா, டர்போவை பொறவு பாப்போம், மொதல்ல உன் இன்ஜின் எவ்வளவு காத்து குடிக்கும்னு சொல்லு. அந்தக் கணக்கு தெரியாம வாங்கின டர்போ அலமாரியில இருக்கிற வரைக்கும் அழகா இருக்கும், இன்ஜின்ல ஏத்தினா புகையும் சூடும்தான் மிஞ்சும். அதனால இந்தப் பதிவுல ஒரே ஒரு இன்ஜினை எடுத்து ஆரம்பத்துலேருந்து கடைசி வரைக்கும் கணக்கு போட்டுக் காட்டுறேன், உங்க இன்ஜின் நம்பரை அதுல மாத்திப் போட்டுக்கிட்டா போதும்.

படி 1: எதுக்கு இந்த ஹெச்பி?

இதை ஏன் மொதல்ல கேக்குறேன்னா, 600 ஹெச்பியை 15 செகண்ட் எடுக்கிற வண்டியும் 300 ஹெச்பியை 15 மணிநேரம் விடாம எடுக்கிற படகும் ஒண்ணு கிடையாது. லாரி மேடு ஏறும்போது மூச்சு வாங்கும், இறக்கத்துல ஓய்வு கிடைக்கும். படகுக்கு ஓய்வே கிடையாது, ப்ரொப்பல்லர் தண்ணியை தள்ளிக்கிட்டே இருக்கணும்.

தூத்தூர், வள்ளவிளை, சின்னத்துறை பக்கத்து ஆழ்கடல் படகுங்க வாரக்கணக்குல கடல்ல கிடக்கும். 2017 ஒக்கி புயல்ல நம்ம கரை எத்தனை பேரை இழந்துச்சுன்னு எல்லாருக்கும் தெரியும், நடுக்கடல்ல இன்ஜின் நிக்கிறதுங்கறது ரோட்டுல வண்டி பிரேக்டவுன் ஆகுற மாதிரி விஷயம் இல்ல. அதனால படகு ஓனர் யார் கேட்டாலும் நான் பட்டறையில கட்டுற டபுள் டர்போவை போடச் சொல்றது இல்ல. கம்பெனியிலேயே ரெண்டு ஸ்டேஜ் டர்போவோட, படகுக்குன்னே ரேட்டிங் போட்டு வர்ற இன்ஜின் இருக்கு, அவ்வளவு பவர் வேணும்னா அப்படியே வாங்குங்க. இல்லையா, இருக்கிற சிங்கிள் டர்போவை சரியா மேட்ச் பண்ணி, டர்போ அனுப்புற சூடான காத்தை கடல்தண்ணியால ஆறவைக்கிற ஆஃப்டர்கூலரை சுத்தமா வச்சு, ப்ரொப்பல்லர் பிட்ச்சை, அதாவது இலையோட சாய்வை, சரிபண்ணுங்க, பாதிப் பேருக்கு அதுலயே பிரச்சனை தீந்துரும். இன்ஜின்ல ஹெச்பி ஏத்தி ப்ரொப்பல்லரும் கியர்பாக்ஸும் பழசாவே இருந்தா அந்த ஹெச்பி போறதுக்கு வழியே இல்ல. படகு பதிவுல இன்ஜின் ஹெச்பி எவ்வளவுன்னும் இருக்கு, அதையும் பாத்துக்கணும்.

ரோட்டுல ஓடுற வண்டிக்கு போடலாம்னு நினைச்சா அதுவும் வேண்டாம். மோட்டார் வாகனச் சட்டம் 52வது பிரிவு ஆர்சியில உள்ள கம்பெனி விவரத்துக்கு மாறா வண்டியை மாத்தக் கூடாதுன்னு சொல்லுது, 2019 ஜனவரியில சுப்ரீம் கோர்ட்டும் அதை உறுதியா சொல்லிட்டாங்க. ஆக இது மூடின டிராக்குல ஓட்டுற வண்டிக்கும் டெஸ்ட் பெஞ்சுல கத்துக்கிறதுக்கும்தான்.

நான் எடுக்கிற உதாரணம் நம்ம ஊர்ல சாதாரணமா கிடைக்கிற 5.9 லிட்டர் கம்மின்ஸ் 6பிடி. ஜாம்ஷெட்பூர் டாடா கம்மின்ஸ் இன்ஜின் போட்ட லாரி, பஸ் எத்தனை பாத்திருப்போம். போர் 102 மில்லி, ஸ்ட்ரோக் 120 மில்லி, ஆறு சிலிண்டர் வரிசையா. கருங்கல் பக்கத்து தம்பி ஒருத்தன் டிராக் வண்டிக்குன்னு இதைத்தான் தூக்கிட்டு வந்தான், 600 ஹெச்பி வேணும்னான். அவன்கூட உக்காந்து போட்ட கணக்குதான் கீழ வர்றது.

படி 2: ஹெச்பியை காத்தா மாத்துங்க

நல்லா டியூன் பண்ணின டீசல் இன்ஜின் ஒரு ஹெச்பிக்கு ஒரு மணிநேரத்துக்கு சுமாரா 170 கிராம் டீசல் குடிக்கும். 172ன்னு வச்சுக்கிட்டா 600 ஹெச்பிக்கு மணிக்கு 103 கிலோ, அதாவது கிட்டத்தட்ட 124 லிட்டர் டீசல். ஃபுல் லோடுல ஒரு மணிநேரத்துக்கு 124 லிட்டர்! இதைச் சொன்னவுடனே தம்பி முகம் மாறிப்போச்சு, ஆனா அவன் ஓட்டப்போறது செகண்ட் கணக்குலதானே.

இப்போ காத்து. டீசல் இன்ஜின்ல ஒரு கிலோ டீசலுக்கு 20 கிலோ காத்து குடுத்தா புகை கட்டுக்குள்ள இருக்கும், சூடும் கட்டுக்குள்ள இருக்கும். 16, 17க்கு இறக்குனா கரும்புகை அள்ளும், எக்ஸாஸ்ட் சூடு ஏறிரும். 103 கிலோவை 60ஆல வகுத்தா நிமிஷத்துக்கு 1.72 கிலோ டீசல், இருபதால பெருக்குனா நிமிஷத்துக்கு 34.4 கிலோ காத்து. டர்போ மேப் (எந்த டர்போ எவ்வளவு காத்து குடுக்கும்னு கம்பெனி போடுற வரைபடம்) எல்லாம் பவுண்டுலதான் போட்டிருப்பாங்க, 2.2ஆல பெருக்குங்க, நிமிஷத்துக்கு 76 பவுண்டு. இந்த 76ஐ ஒரு பேப்பர்ல பெருசா எழுதி சுவத்துல ஒட்டிக்கோங்க, இனிமே எல்லாமே இதை வச்சுதான்.

படி 3: அந்தக் காத்து உள்ள போக எவ்வளவு அழுத்தம் வேணும்

இன்ஜின் ஒரு பம்ப் மாதிரிதான். 2800 ஆர்பிஎம்ல ரெண்டு சுத்துக்கு ஒருதடவை ஒவ்வொரு சிலிண்டரும் காத்து இழுக்கும், ஆக நிமிஷத்துக்கு 1400 தடவை 5.9 லிட்டர். பெருக்குனா 8.26 கன மீட்டர். ஆனா சிலிண்டர் முழுசா நிறையாது, 90 சதவீதம்னு வச்சா 7.43 கன மீட்டர். இந்த 7.43 கன மீட்டர் இடத்துல 34.4 கிலோ காத்தை அடைக்கணும், அப்போ ஒரு கன மீட்டர்ல 4.63 கிலோ இருக்கணும். நம்ம சுத்தி இருக்கிற சாதாரண காத்து ஒரு கன மீட்டருக்கு 1.16 கிலோ சுமார்தான். நாலு மடங்கு நெருக்கி அடைக்கணும்னு அர்த்தம்.

இன்டர்கூலர் (அமுக்கினதுல சூடான காத்தை ஆறவைக்கிற ரேடியேட்டர்) தாண்டி மேனிஃபோல்டுக்கு (காத்தை சிலிண்டருக்கெல்லாம் பிரிச்சுக் குடுக்கிற குழாய்) வர்ற காத்து 60 டிகிரியில இருந்தா அந்த அடர்த்திக்கு 4.42 பார் அழுத்தம் வேணும், இது வெளிக்காத்து அழுத்தத்தையும் சேத்தது. கேஜ்ல பாத்தா 3.4 பார், அதாவது 50 பிஎஸ்ஐ பக்கம். இன்டர்கூலர்லயும் பைப்புலயும் கொஞ்சம் போகும், ஏர் ஃபில்டர்லயும் கொஞ்சம் போகும், அதெல்லாம் சேத்தா டர்போ பக்கம் மொத்த பிரஷர் ரேஷியோ 4.66 வருது. வெளிய இருக்கிற காத்தை 4.66 மடங்கு அமுக்கணும்.

இந்த இடத்துலதான் ஒரு டர்போ போதுமா ரெண்டு வேணுமாங்கறது முடிவாகுது. சாதாரணமா நமக்கு கிடைக்கிற சிங்கிள் டர்போ 3, 3.5 ரேஷியோ வரைக்கும் சந்தோஷமா ஓடும். நாலைத் தாண்டினா எஃபிஷியன்ஸி இறங்கும், வீல் வேகம் எல்லைக்கு போயிரும், காத்தை அமுக்குறதைவிட சூடாக்குறதுதான் அதிகம் நடக்கும். உங்க கணக்குல ரேஷியோ 3க்குள்ள வந்தா தயவுசெஞ்சு இதோட நிறுத்திட்டு ஒரே ஒரு நல்ல டர்போ வாங்குங்க. காசும் மிச்சம், தலைவலியும் மிச்சம்.

படி 4: ரெண்டு டர்போன்னா எந்த மாதிரி ரெண்டு?

ட்வின் டர்போன்னு எல்லாத்தையும் ஒரே பேர்ல சொல்லிர்றோம், குழப்பமே அங்கதான்.

பேரலல் ட்வின்னு ஒண்ணு இருக்கு, ஒரே சைஸ் ரெண்டு டர்போ, ஆளுக்குப் பாதி சிலிண்டரோட எக்ஸாஸ்ட்டை எடுத்து ஆளுக்குப் பாதி காத்தை குடுக்கும். வி டைப் இன்ஜினுக்கு இது வசதி, ரெண்டு பக்கமும் ஒண்ணு ஒண்ணு தொங்கவிட்டா பைப்பிங் சுலபம். வரிசை இன்ஜினுக்கு அந்த லாபமும் இல்ல.

சீக்வென்ஷியல்னு ஒண்ணு, கீழ் ஆர்பிஎம்ல சின்ன டர்போ, மேல போகும்போது வால்வு திறந்து பெரிய டர்போ. 2004ல பிஎம்டபிள்யூ 535டி இப்படித்தான் வந்துச்சு. நல்லாத்தான் ஓடும், ஆனா அந்த வால்வு எல்லாம் எப்போ திறக்கணும் எப்போ மூடணும்னு சொல்றதுக்கு ஒரு கம்ப்யூட்டரும் அதுக்கு ப்ரோகிராம் எழுதுற ஆளும் வேணும். பட்டறையில கட்டுறவங்களுக்கு இது ஆகாது.

மூணாவது காம்பவுண்டு. பெரிய டர்போ வெளிக்காத்தை எடுத்து ஒருதடவை அமுக்கி சின்ன டர்போவோட வாயில குடுக்கும், சின்னது அதை இன்னொருதடவை அமுக்கி இன்ஜினுக்கு அனுப்பும். எக்ஸாஸ்ட் தலைகீழா போகும், மொதல்ல சின்னதை சுத்திட்டு பொறவு பெரியதை சுத்தும். கேட்டர்பில்லர் சி15 அசெர்ட் இன்ஜின்ல கம்பெனியே இப்படி ரெண்டை வரிசையா போட்டாங்க.

இப்போ நான் சொல்லவந்த முக்கியமான இடம், இதை மட்டும் ரெண்டுதடவை படிங்க. பேரலல்ல போட்டா ஒவ்வொரு டர்போவுக்கும் 76ல பாதி, 38 பவுண்டு காத்து. ஆனா ரெண்டு பேரும் தனித்தனியா அதே 4.66 மடங்கு அமுக்கியாகணும், அந்த சைஸ்ல நமக்கு சாதாரணமா கிடைக்கிற டர்போவால அது முடியாது. காத்து வேலையைத்தான் பங்கு போட்டோம், அழுத்த வேலையை பங்கு போடலை. காம்பவுண்டுல ரெண்டுமே பங்காகுது. பெரியது மொதல்ல 2.3 மடங்கு அமுக்கிக் குடுக்கும்போது காத்தோட பருமன் சுருங்கிருது, அதனால சின்ன டர்போவுக்குள்ள போறது எடையில அதே 76 பவுண்டுதான்னாலும் அது இடம் எடுக்கிறது மேப் கணக்குல 38 பவுண்டு அளவுதான். அந்த 38ஐ அது ரெண்டு மடங்கு அமுக்குனா போதும். அதே 38, ஒரு பக்கம் 4.66, ஒரு பக்கம் 2. கருங்கல் தம்பிக்கு பேரலல் ஆசைதான் இருந்துச்சு, பாக்க கம்பீரமா இருக்கும்னு, இந்த ரெண்டு நம்பரையும் பக்கத்துல பக்கத்துல எழுதிக் காட்டினப்போதான் அவனுக்கு விளங்குச்சு.

படி 5: ரேஷியோவை பிரிக்கிறது

ரெண்டு டர்போவோட ரேஷியோவை கூட்டக்கூடாது, பெருக்கணும். நிறைய பேர் தப்பு பண்றது இதுல. 50 பிஎஸ்ஐ வேணும்னா ஆளுக்கு 25ன்னு நினைச்சுக்கிறாங்க. ஒரு டர்போ 25 பிஎஸ்ஐ குடுத்தா அது 2.7 மடங்கு, ரெண்டாவதும் 2.7 மடங்கு அமுக்குனா 7.3 மடங்கு ஆயிரும், கேஜ் 90ஐத் தாண்டிப் போயிரும். ஹெட் கேஸ்கெட் அதுக்கு முன்னாடியே போயிருக்கும்.

4.66க்கு சரிபாதி 2.16, 2.16. நான் கீழ் டர்போவுக்கு, அதாவது பெரியதுக்கு, கொஞ்சம் அதிகமா குடுப்பேன். 2.3 பெரியதுக்கு, 2.03 சின்னதுக்கு. பெருக்கிப் பாருங்க சரியா வரும். காரணம், சின்னதுக்கு உள்ள போற காத்தே சூடா இருக்கும், சின்ன டர்பைன்தான் இன்ஜின் வாயிலேருந்து வர்ற முதல் சூட்டை வாங்குது, அதை ரொம்ப விரட்டினா ஆயுசு குறையும். கேஜ்ல பாத்தா ரெண்டு டர்போவுக்கும் நடுவுல 18 பிஎஸ்ஐ, மேனிஃபோல்டுல 50 பிஎஸ்ஐ. இந்த ரெண்டு நம்பரும் ஓட்டும்போது கண்ணு முன்னாடி இருக்கணும்.

படி 6: மேப்புல புள்ளி வச்சுப் பாக்குறது

கம்ப்ரஸர் மேப்புல கீழ வர்றது காத்து, பக்கவாட்டுல ஏறுறது ரேஷியோ. இடதுபக்க கோடு சர்ஜ் லைன், அதைத் தாண்டினா காத்து திரும்பி அடிச்சு டர்போ குரைக்கும். வலதுபக்கம் சோக், அங்க எவ்வளவு சுத்தினாலும் காத்து வராது. நடுவுல தீவு தீவா எஃபிஷியன்ஸி வளையம், 74, 76ன்னு எழுதியிருக்கும். உங்க புள்ளி அந்த நடுத்தீவுக்குள்ளயோ ஒட்டியோ விழணும். 2800 ஆர்பிஎம்முக்கு மட்டும் புள்ளி வைக்காதீங்க, 1600, 2200க்கும் அதே கணக்கு போட்டு புள்ளி வையுங்க, சர்ஜ் பிரச்சனை அங்கதான் வெளிய தெரியும்.

நம்ம உதாரணத்துக்கு பெரிய டர்போ 2.3 ரேஷியோவுல 76 பவுண்டை நிம்மதியா குடுக்கணும். 75 மில்லி கம்ப்ரஸர் வீல் உள்ள போர்க்வார்னர் எஸ்475 வகை இதுக்கு ஒத்துவரும், 83 இல்லாட்டா 87 மில்லி டர்பைன் வீலோட. சின்னதுக்கு ஹோல்செட் ஹெச்எக்ஸ்35 போதும், ஹெச்எக்ஸ்40 போட்டா மேல கொஞ்சம் இடம் கிடைக்கும், கீழ கொஞ்சம் சோம்பேறியாகும். டிராக்குக்கு மட்டும்னா நான் 40 எடுப்பேன். மாடல் பேரைப் பாத்து மட்டும் வாங்கிராதீங்க, ஒரே பேர்ல எத்தனையோ வீல் சைஸ், ஹவுசிங் சைஸ் உண்டு, கையில வாங்கி வெர்னியர் வச்சு அளந்து பாத்துதான் காசு குடுக்கணும்.

பழைய டர்போ வாங்குறவங்களுக்கு ஒரு விஷயம். ஷாஃப்ட்டை பிடிச்சு உள்ள வெளிய தள்ளிப் பாருங்க, ஆட்டம் கைக்கு தெரிஞ்சாலே வேண்டாம். பக்கவாட்டுல லேசா ஆடுறது எண்ணெய் இல்லாதப்போ சகஜம், ஆனா வீல் ஹவுசிங்ல உரசக்கூடாது. நம்ம ஊர்ல இன்னொண்ணும் பாக்கணும், உப்பு. கடற்கரை பட்டறையில வாய் மூடாம போட்டு வச்ச டர்போவோட அலுமினிய வீலை டார்ச் அடிச்சுப் பாருங்க, பிளேடு விளிம்புல வெள்ளையா பொடி பூத்து, நகத்தால சுரண்டினா கீழ ஊசிமுனை அளவு குழி குழியா இருக்கும். அந்த வீல் நிமிஷத்துக்கு லட்சம் சுத்து பக்கம் சுத்தப்போகுது. அந்தக் குழியிலேருந்துதான் வெடிப்பு ஆரம்பிக்கும். விலை எவ்வளவு குறைச்சுக் குடுத்தாலும் வாங்காதீங்க.

படி 7: எக்ஸாஸ்ட் பக்கம்

காத்து பக்கம் எல்லாரும் பாப்பாங்க, எக்ஸாஸ்ட் பக்கம் யாரும் பாக்க மாட்டாங்க. இன்ஜினுக்கும் சின்ன டர்பைனுக்கும் நடுவுல இருக்கிற அழுத்தம்தான் டிரைவ் பிரஷர். பூஸ்ட், அதாவது டர்போ இன்ஜினுக்கு குடுக்கிற காத்து அழுத்தம், 50 பிஎஸ்ஐன்னா டிரைவ் பிரஷரும் 50 பக்கம் இருந்தா அருமை, 65 வரைக்கும் பொறுத்துக்கலாம், 100க்கு போச்சுன்னா எரிஞ்ச புகை சிலிண்டரை விட்டு வெளிய போக முடியாம உள்ளயே நிக்கும், ஹெச்பி குறையும், சூடு ஏறும், எக்ஸாஸ்ட் வால்வையே தள்ளித் திறக்கப் பாக்கும். வால்வு ஸ்பிரிங்கை மாத்தச் சொல்றது அதுக்குத்தான்.

இதுக்கு வழி சின்ன டர்போவை சுத்தி ஒரு பைபாஸ். பெரியது வேகம் பிடிச்ச பொறவு வேஸ்ட்கேட்ங்கற வால்வு திறந்து, மிச்ச புகை சின்னதைத் தொடாம நேரா பெரிய டர்பைனுக்குப் போகணும். டர்போவோட வர்ற சின்ன ஓட்டை வேஸ்ட்கேட் இந்த ஹெச்பிக்கு பத்தாது, வெளியில 45 இல்லாட்டா 50 மில்லி வேஸ்ட்கேட் ஒண்ணு எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டுல வெல்டு பண்ணி வைக்கணும். அதோட வெளிவாய் காத்துல திறந்துவிடக் கூடாது, ரெண்டு டர்போவுக்கும் நடுவுல உள்ள பைப்புல போய் சேரணும், இல்லாட்டா பெரியதுக்கு சாப்பாடு கிடைக்காது.

6பிடி இன்ஜினோட ஃபயரிங் ஆர்டர் 1-5-3-6-2-4. முன்னாடி மூணு சிலிண்டர் ஒரு பக்கம், பின்னாடி மூணு ஒரு பக்கம்னு பிரிச்ச மேனிஃபோல்டும் பிரிச்ச ஹவுசிங்கும் போட்டா புகையோட அடி ரெண்டு பக்கமும் மாறி மாறி விழும், சின்ன டர்போ சீக்கிரம் எழும்பும்.

படி 8: சூடும் பைப்பும்

நம்ம ஊர் 32 டிகிரி காத்து பெரிய டர்போ தாண்டும்போது 143 டிகிரி. அது சின்னதுக்குள்ள போய் வெளிய வரும்போது 269 டிகிரி. 74 சதவீத எஃபிஷியன்ஸி வச்சு போட்ட கணக்கு இது. வீட்டு கேஸ் அடுப்புல மீன் பொரிக்கிற எண்ணெய்கூட இவ்வளவு சூடு வராது. சாதாரண சிலிக்கான் ஹோஸ் தொடர்ந்து தாங்குறது 180, 200 டிகிரி வரைக்கும்தான். அதனால சின்ன டர்போவுக்கும் இன்டர்கூலருக்கும் நடுவுல முழுக்க ஸ்டீல் பைப், இணைப்பு ரெண்டே ரெண்டு, அதுலயும் மெட்டல் கிளாம்ப் ஜாயின்ட். இன்டர்கூலர் முழு அலுமினியமா இருக்கணும், ரெண்டு ஓரத்துலயும் பிளாஸ்டிக் தொட்டி உள்ளதை போட்டுராதீங்க.

அழுத்தமும் சும்மா இல்ல. மூணு இன்ச் பைப்போட வாயில 3.5 பார் தள்ளினா அது 160 கிலோ விசை. ரெண்டு ஆள் எடையை ஒரு ஹோஸ் கிளாம்ப் பிடிச்சு நிறுத்தணும். பைப் முனையில லேத்ல குடுத்து மேடு எடுக்காம, வழுவழுன்னு விட்டு சாதாரண வார்ம் கிளாம்ப் போட்டா கழண்டு பறக்கும். டி போல்ட் கிளாம்ப் போடுங்க, இன்ஜின்லேருந்து சேஸிஸுக்கு பைப்புக்கு தனியா ஒரு சப்போர்ட்டும் குடுங்க.

படி 9: எண்ணெய் திரும்பி வர்ற வழி

இதை நான் பட்டுத்தான் தெரிஞ்சுக்கிட்டேன். மொதமொதல்ல ஒரு காம்பவுண்டு கட்டினப்போ பெரிய டர்போவுக்கு இடம் கிடைக்காம இன்ஜினுக்கு கீழ ஓரமா பொருத்தினோம், பாக்க அடக்கமா இருந்துச்சு. ஸ்டார்ட் பண்ணி பத்து நிமிஷத்துல நீலப்புகை. ரிங் போயிருச்சுன்னு ஒருத்தர், சீல் போயிருச்சுன்னு ஒருத்தர். டர்போவை கழட்டி புது சீல் கிட் போட்டு மறுபடி ஏத்தினோம், மறுபடி அதே புகை. மூணாவது தடவை கம்ப்ரஸர் பக்கம் பைப்பை உருவிப் பாத்தப்போ உள்ள தேன் மாதிரி எண்ணெய் தேங்கி நிக்குது. அப்போதான் ஒரு மட்டக்குழாய் வச்சுப் பாத்தேன், டர்போவோட எண்ணெய் வடிகிற வாய் சம்ப்ல (இன்ஜினுக்கு அடியில உள்ள எண்ணெய் தொட்டி) இருக்கிற எண்ணெய் மட்டத்தைவிட ரெண்டு விரல் கீழ இருந்துச்சு. தண்ணி மேட்டுக்கு ஏறுமா? எண்ணெய் வெளிய போக வழியில்லாம சீல் வழியா பிதுங்கி வந்திருக்கு. சீல்ல ஒரு குத்தமும் இல்ல.

அதனால பெரிய டர்போவை எங்க வைக்கிறதுன்னு முடிவு பண்ணும்போதே வடிகிற வாய் சம்ப் எண்ணெய் மட்டத்துக்கு மேல இருக்கான்னு பாருங்க. டிரெய்ன் பைப் உள்விட்டம் 20 மில்லிக்கு குறையாம, நேரா கீழ்நோக்கி, நடுவுல தொய்வோ வளைவோ இல்லாம வரணும். கீழதான் வைக்க முடியும்னா எண்ணெயை இழுத்து சம்ப்ல விடுற தனி ஸ்கேவன்ஜ் பம்ப் போட்டே ஆகணும். எண்ணெய் உள்ள வர்ற லைன் ஃபில்டர் தாண்டின இடத்துலேருந்து எடுங்க.

படி 10: இன்ஜின் இதைத் தாங்குமா?

சுருக்கமா சொல்லிர்றேன். 12 மில்லி ஹெட் போல்ட்டை எடுத்துட்டு நல்ல ஹெட் ஸ்டட், பிளாக் அல்லது ஹெட்ல ஓ ரிங் (ஹெட் கேஸ்கெட்டை இறுக்கிப் பிடிக்கிற கம்பி வளையம்), கடினமான வால்வு ஸ்பிரிங், இவ்வளவும் கட்டாயம். டீசல் பக்கம் ஒரு இன்ஜெக்‌ஷனுக்கு 247 கன மில்லிமீட்டர் வேணும். 180 ஹெச்பி லாரிக்கு இது 83 சுமார்தான், மூணு மடங்கு. லாரியில வர்ற பம்ப்பை டியூன் பண்ணி இது வராது, பெரிய பிளஞ்சர் உள்ள இன்லைன் பம்ப்பும் அதுக்கு ஏத்த நாசிலும், பம்ப் டெஸ்ட் பெஞ்சுல ஆறு லைனும் சமமா வருதான்னு பாத்து வாங்கணும். ஒரு சிலிண்டருக்கு மட்டும் அதிகம் போச்சுன்னா அந்த பிஸ்டன்தான் மொதல்ல உருகும்.

படி 11: கேஜும் முதல் ஓட்டமும்

நாலு கேஜ் இல்லாம ஸ்டார்ட் பண்ணாதீங்க. நடு பூஸ்ட் (ரெண்டு டர்போவுக்கும் நடுவுல உள்ளது), மேனிஃபோல்டு பூஸ்ட், டிரைவ் பிரஷர், எக்ஸாஸ்ட் சூடு. டிரைவ் பிரஷர் கேஜுக்கு எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டுலேருந்து நேரா ரப்பர் டியூப் போட்டா எரிஞ்சுரும், ஒரு மீட்டர் செம்பு டியூபை சுருள் சுத்தி ஆறவிட்டு பொறவு இணைக்கணும். சூடு பாக்குற சென்சார் சின்ன டர்பைனுக்கு முன்னாடி, டர்போ தாண்டி வச்சா 100, 150 டிகிரி குறைச்சுக் காட்டி ஏமாத்தும்.

ஸ்டார்ட் பண்றதுக்கு முன்னாடி ரெண்டு டர்போவோட எண்ணெய் உள்ள வர்ற வாயிலயும் சுத்தமான இன்ஜின் ஆயில் ஊத்தி கையால சுத்திவிடுங்க. டீசலை நிறுத்தி வச்சு ஸ்டார்ட்டர்ல சுத்தி டிரெய்ன்ல எண்ணெய் வருதான்னு கண்ணால பாத்த பொறவுதான் உயிர் குடுக்கணும். கால் மணிநேரம் ஐடில்ல ஓடட்டும், ஒவ்வொரு ஜாயின்ட்லயும் சோப்புத்தண்ணி தெளிச்சு காத்து கசியுதான்னு பாருங்க.

பொறவு லோடு பைய பைய ஏத்தணும். மொத நாள் மேனிஃபோல்டுல 25 பிஎஸ்ஐக்கு மேல போகவேண்டாம். அப்போ நடு பூஸ்ட் 5, 6க்கு கீழயே கிடந்தா பெரிய டர்போ இன்னும் எழும்பலை, பரவாயில்ல. 35க்கு ஏத்தும்போதும் நடு பூஸ்ட் எழும்பாம டிரைவ் பிரஷர் மட்டும் தாவுனா வேஸ்ட்கேட் லேட்டா திறக்குது, ஸ்பிரிங்கை இளக்குங்க. நடு பூஸ்ட் 18ஐத் தாண்டிப் போய் மேல 50 வராம நின்னா வேஸ்ட்கேட் சீக்கிரம் திறக்குது, சின்னது சும்மா சுத்துது, ஸ்பிரிங்கை இறுக்குங்க. எக்ஸாஸ்ட் சூடு தொடர்ந்து 700 டிகிரிக்கு மேல நிக்கவிடாதீங்க, படகு மாதிரி நாள்முழுக்க லோடுல ஓடுற இன்ஜின்னா நான் 600ஐயே எல்லையா வச்சுக்குவேன்.

ஓட்டம் முடிஞ்சு உடனே சாவியை திருப்பாம மூணு நிமிஷம் ஐடில்ல விடுங்க. ஆறின பொறவு எல்லா கிளாம்ப்பையும் ஒருதடவை இறுக்கணும், சூடு ஏறி இறங்குனதுல கண்டிப்பா கொஞ்சம் இளகியிருக்கும். ஹெட் ஸ்டட்டையும் மொத சூட்டுக்குப் பிறகு ஒருதடவை டார்க் வச்சுப் பாருங்க. எங்க பட்டறையில மொத மூணு ஓட்டத்துக்கும் ஒரு நோட்டுல நாலு கேஜ் நம்பரையும் ஆர்பிஎம்மையும் வரிசையா எழுதி வைப்போம். கருங்கல் தம்பி வண்டியோட மூணாவது ஓட்டத்துல எழுதினது இது: 2800 ஆர்பிஎம், நடு 17, மேல 48, டிரைவ் 57, சூடு 690.

படகு ஓனருங்க யாராச்சும் இதைப் படிச்சிட்டு வர்றதா இருந்தா தடைக்காலத்துல வாங்க, கிழக்குக் கரைக்கு ஏப்ரல் 15லேருந்து ஜூன் 14 வரைக்கும், மேற்குக் கரைக்கு ஜூன் 1லேருந்து ஜூலை 31 வரைக்கும். வரும்போது இன்ஜின் நேம் பிளேட் போட்டோ, ப்ரொப்பல்லர் விட்டமும் பிட்ச்சும், கியர்பாக்ஸ் ரேஷியோ, ஃபுல் லோடுல ஆர்பிஎம் எவ்வளவு வருதுன்னு இந்த நாலையும் எழுதிக் கொண்டுவாங்க, உக்காந்து உங்க கணக்கையும் போட்டுருவோம்.